யூலைக் கண்காட்சியும் நாங்கள் இல்லாத அறையும்

வெளிநாட்டிலிருந்து ஓகஸ்டில் வாற சொந்தக்காரர் ‘சமர் ஹொலிடே’ எண்டுவினம். அங்கே அந்த மாதங்களில் நகரம் முழுக்கக் கண்காட்சியும் திருவிழாவுமாக இருக்குமாம். கொழும்பில் கணக்கு வேறு. இங்கே பெரிய ஓவிய நிகழ்வுகள் வருடத் தொடக்கத்திலேயே வந்து போய்விடும். ஜோர்ஜ் கீற் மன்றம் 1993 முதல் நடத்திவரும் ‘கலா பொல’ என்ற வீதியோரச் சித்திரச் சந்தை அந்த மாதங்களில்தான் வருகிறது. 2019, 2022, 2024 ஆம் ஆண்டுகளின் ‘கொழும்புஸ்கோப்’ கலை விழாக்களும் சனவரியில்தான் நடந்தன. அப்போது மழை குறைவு, சுற்றுலாப் பயணிகள் அதிகம். காரணம் விளங்குது.

ஆனால் வருட நடுவிலும் கொழும்புக் கலை நாட்காட்டியில் ஒரு நாள் இருக்கிறது: யூலை 23. அதைப் பற்றித் தமிழ் இளைஞர்களாகிய எங்களிடம் கேட்டால், கறுப்பு யூலை என்று சொல்லத் தெரியும். அந்த நாளை ஒட்டி, 1997 முதல் ஏறத்தாழ ஒவ்வொரு வருடமும் இந்த நகரத்தில் ஒரு ஓவியக் கண்காட்சி நடக்கிறது என்பது எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதை வைப்பவர் சந்திரகுப்த தேனுவர. 1960 இல் பிறந்தவர். 83 யூலையில் அவருக்கும் இப்போது எங்களுக்கிருப்பது போல இருபது சொச்சம் வயதுதான். ஒரு சிங்கள ஓவியர், தமிழர்கள் வீட்டோடு எரிக்கப்பட்ட கறுப்பு யூலையின் நினைவு நாளைத் தன் கண்காட்சி நாளாக எடுத்துக்கொண்டு கால் நூற்றாண்டுக்கு மேலாக அதை விடாமல் செய்கிறார். போர் நடந்தபோதும் செய்தார், போர் முடிந்து வெற்றி விழா கொண்டாடப்பட்டபோதும் செய்தார். அவை பெரும்பாலும் நடப்பது கொழும்பு 7 வட்டாரத்துக் கலறிகளில். லயனல் வென்ட் அதில் ஒன்று. கொழும்புப் பல்கலைக்கழகக் கலைப்பீட வாசலிலிருந்து அங்கே நடந்தே போகலாம். மாணவர் பஸ் சீசன்கூடத் தேவையில்லை.

அப்படியிருந்தும் எங்களில் மிகப் பெரும்பாலானோர் போவதில்லை. ஏன் போவதில்லை என்பதும், போகாமல் விடுவதால் என்ன இழக்கிறோம் என்பதும்தான் இந்தக் கட்டுரை.

ஒரு பரல், இரண்டு பக்கம்

1997 இல் அவர் வைத்த கண்காட்சியின் பெயர் ‘பரலிசம்’. தொண்ணூறுகளில் கொழும்பின் சந்திகளிலும் அலுவலக வாசல்களிலும் தார்ப் பரல்கள் நின்றன. இராணுவச் சீருடையின் பச்சை, மண்ணிறத் திட்டுகளை அவற்றில் பூசி வீதித்தடைகளாக வைத்திருந்தார்கள். சில வருடங்களில் அவை மரம், மின்கம்பம் போல நகரத்தின் சாதாரணப் பொருட்களாகிவிட்டன. ஆக்கள் அவற்றைப் பார்க்கிறதையே விட்டுவிட்டார்கள். தேனுவர அதே பரலை எடுத்துக் கண்காட்சிக்குள் வைத்தார். தினமும் தாண்டிப் போகிற பொருளை ஒரு தரம் நின்று பார்க்க வைத்தார். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுக்குள் ஒரு முழு நகரம் எப்படிப் போருக்குப் பழகிப்போனது என்ற கதை இருந்தது.

எங்கட பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. பரல் ‘சாதாரணப் பொருளாகிவிட்டது’ என்பது யாருடைய அனுபவம்? காரில் வேகத்தைக் குறைத்து அதைச் சுற்றிப் போனவருக்கு அது நகரத்தின் அலங்கோலம். பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டு, அடையாள அட்டையை நீட்டி, ஊர் எது, ஏன் வந்தாய், எங்கே தங்கியிருக்கிறாய் என்ற கேள்விகளுக்குத் தெரியாத மொழியில் பதில் சொன்ன எங்கட மாமாமாருக்கும் அன்ரிமாருக்கும் அது ஒருபோதும் சாதாரணமாகவில்லை. 2007 யூன் 7 ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரத்தை விட்டே அனுப்பப்பட்டார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு அந்த வெளியேற்றத்தை நிறுத்த வேண்டியிருந்தது. அவர்களுக்கு அந்தப் பரல் நகரத்தின் கதவு.

ஓவியர் தான் நின்ற பக்கத்திலிருந்து நேர்மையாக வரைந்தார். அதில் பிழையில்லை. பரலுக்கு மற்றப் பக்கமும் உண்டு. அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் அறைக்குள் நின்று “எங்கட வீட்டில் இதை வேறு மாதிரித்தான் சொல்லுவினம்” என்று சொன்னால்தான் அந்தக் கண்காட்சி முழுமையாகும். நாங்கள் போகாதபோது, எங்களைப் பற்றிய ஒரு நினைவுகூரல் நாங்கள் இல்லாமலே, மற்றவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற ஒன்றாகவே நடந்து முடிகிறது.

நாங்கள் சொல்லுற சாட்டுகள்

முதலாவது: “அது இங்கிலிஸ் ஆக்களின்ர இடம்.” இதில் பாதி உண்மை. நாங்கள் சேர்ந்து போன ஒரு கலறியில் சுவரில் இருந்த விளக்கம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. அங்கே நின்றவர் எங்களைப் பார்த்த பார்வையிலும் மொழிபெயர்ப்பு தேவைப்படாத ஒரு கேள்வி இருந்தது. அந்தக் கூச்சம் கற்பனையல்ல. ஆனால் எல்லா இடமும் அப்படியில்லை. 2019 டிசம்பரில் தொடங்கிய நவீன, சமகாலக் கலை நூதனசாலை தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதுகிறது. நுழைவு இலவசம். அதன் முதலாவது பெரிய கண்காட்சியின் தலைப்பே கவிஞர் சேரனின் கவிதை ஒன்றிலிருந்து வந்தது. கொள்ளுப்பிட்டியில் ஒரு கடைத்தொகுதிக்குள் அந்த நூதனசாலை இயங்கியபோது, குளிரூட்டிக்காகவும் செல்ஃபிக்காகவும் அதே கடைத்தொகுதிக்குப் போன எங்களில் எத்தனை பேர் அதற்குள் கால் வைத்தோம்?

இந்த இடங்கள் எங்களுக்கு அந்நியம் என்பதும் முழு உண்மையல்ல. கலா பொல நடக்கும் அந்தப் பாதைக்கு நீண்ட காலம் இருந்த பெயர் ஆனந்த குமாரசுவாமி. 1877 இல் கொழும்பில் பிறந்தவர், முத்துக்குமாரசுவாமியின் மகன். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றி 1908 இல் பெரிய நூல் எழுதிய தமிழர். பிறகு அந்தப் பாதையின் ஒரு பகுதிக்கு நெலும் பொக்குன என்று பெயர் மாற்றியது வேறு கதை. 1943 இல் லயனல் வென்ட்டின் வீட்டில் கூடித் தொடங்கிய ‘43 குழு’வின் ஆரம்பப் பெயர்களுக்குள் யாழ்ப்பாணத்தின் எஸ்.ஆர். கனகசபையும் இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் அ. மாற்கு மாஸ்டர் முன்னின்று நடத்திய குழுவுக்கு ‘விடுமுறைக்கால ஓவியர் கழகம்’ என்றே பெயர். விடுமுறை கிடைத்தால் படம் வரைவது, படம் பார்ப்பது என்ற பழக்கம் எங்கட ஊரில் இருந்த ஒன்று. நாங்கள்தான் அதை மறந்தோம்.

இரண்டாவது: “ஒரு சிங்களவர் எங்கட வலியைக் காட்டிப் பெயர் எடுக்கிறதைப் பார்க்க நாங்கள் ஏன் போகவேணும்?” விடுதியில் இரவு இரண்டு மணி வரை வாதாடக்கூடிய கேள்வி இது. எங்கட பதில் இதுதான்: அந்தக் கண்காட்சி எங்களுக்கு 83 ஐச் சொல்லித்தர வைக்கப்படவில்லை. அது தன் சொந்தச் சமூகத்தின் முகத்துக்கு நேரே பிடிக்கப்பட்ட ஒன்று. தெற்கில் யூலை 23 ஐச் சொல்லும்போது, திருநெல்வேலியில் கொல்லப்பட்ட 13 இராணுவத்தினரோடு கதையை நிறுத்திவிடுகிற பலர் உண்டு. அடுத்த நாள் இரவு பொரளையில் தொடங்கியதையும், வெலிக்கடைச் சிறைக்குள் இரண்டு நாட்களில் கொல்லப்பட்ட 53 பேரையும் அவர்கள் எட்டிப் பார்ப்பதில்லை. அந்தச் சனத்துக்கு நடுவில் நின்று ஒருவர் வருடா வருடம் “மறக்காதே” என்கிறார் என்றால் அதற்கு ஒரு விலை இருக்கும். அவரை நாங்கள் மாலை போட்டு வரவேற்கத் தேவையில்லை. வேலை சரியா பிழையா என்று பார்த்துச் சொல்லலாம். பார்க்காமல் பிழை சொல்வதுதான் சரியில்லை.

மூன்றாவது: “படம் பார்த்தால் விளங்காது.” இதற்குப் பள்ளிக்கூடத்தைக் கொஞ்சம் குற்றம் சொல்லலாம். சித்திரம் ஒரு அழகியல் பாடம், எங்களில் பலருக்குச் சாதாரண தரத்தோடு அது முடிந்துவிடும். பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகு கலைவிழாவில் பட்டிமன்றம் இருக்கும், நாடகம் இருக்கும், கவியரங்கம் இருக்கும். ஓவியம் எண்டா மேடையின் பின்திரை. பின்திரை கீறின பொடியனின் பெயரை நன்றியுரையில் கடைசியாகச் சொல்லுவம். காதால் கேட்கிற கலையில் நாங்கள் கெட்டிக்காரர், கண்ணால் பார்க்கிறதில் எங்களுக்குப் பயிற்சி போதாது. ஆனால் பயிற்சி பார்க்கப் பார்க்கத்தான் வரும்.

விளங்காது என்று நினைக்கிற இடத்தில் எங்கட வீடு

தா. சனாதனனின் ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்ற வேலை 2011 இல் நூலாக வந்தது. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்த 80 தமிழ் பேசும் மக்களிடம், தாங்கள் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து கீறித் தரச் சொல்லி, அதோடு அவர்களின் கதையையும் சேர்த்த வேலை அது. கிணறு எங்கே, சாமியறை எந்தப் பக்கம், மாமரம் எதற்குப் பக்கத்தில் என்று கோணல்மாணலாகக் கீறப்பட்ட கோடுகள். இதை விளங்கிக்கொள்ள எந்தக் கலைக் கோட்பாடும் வேண்டாம். எங்கட அம்மம்மாவின் கையில் ஒரு பேனையைக் கொடுத்தால் அவவும் இதைத்தான் கீறுவா.

கொம்பனித்தெருவில் இருந்த றியோ கட்டடமும் அப்படித்தான். ஒரு தமிழ்க் குடும்பம் கட்டிய திரையரங்கும் ஹோட்டலும், 83 யூலையில் தாக்கி எரிக்கப்பட்டவை. 2015 இலும் 2019 இலும் கொழும்புஸ்கோப் அந்தக் கட்டடத்துக்குள் நடந்தது. சுவரில் எதைத் தொங்கவிட்டாலும் அந்தச் சுவர்தான் முதல் கலைப்பொருள். அந்த மாடிப்படியில் ஏறுகிற ஒரு தமிழ் இளைஞர் காண்பதை வேறு யாரும் அதே மாதிரிக் காண முடியாது.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. சமாதான காலத்தில், 2004 இல், தீர்த்தக் கலைஞர் அமைப்பு ‘அகம் புறம்’ என்ற கண்காட்சியை யாழ். பொது நூலகத்துக்குக் கொண்டுபோனது. எரிக்கப்பட்டுத் திரும்பக் கட்டப்பட்ட நூலகத்துக்குள் தெற்கினதும் வடக்கினதும் வேலைகள் ஒன்றாக நின்றன. முடியாத காரியம் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி?

கலறிக்கு வெளியே

ஒன்றை மறைக்கக் கூடாது. வெள்ளைச் சுவரும் மெல்லிய வெளிச்சமும் உள்ள அறையில் நினைவுகூர்வது சுலபம். 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்பாகத் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களுடைய போராட்டத்தில், கொட்டகை முழுக்கப் படங்கள் தொங்கின. அடையாள அட்டைப் படம், பள்ளிக்கூடப் படம், கலியாணப் படம். வெயிலில் நிறம் போன படங்கள். அவற்றைக் கண்காட்சி என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. அந்தத் தாய்மாருக்கு வேண்டியது பார்வையாளர் அல்ல, பதில். கொழும்புக் கலறிக்குள் நிற்கும்போது இந்த வித்தியாசம் மனதில் இருக்க வேண்டும். ஓவியம் நீதிக்குப் பதிலாக வர முடியாது. நீதி இன்னும் வரவில்லை என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல மட்டுமே அதனால் முடியும். அதுவும் கேட்கிறவர்கள் இருந்தால்தான்.

இந்த முறை என்ன செய்யலாம்

கலறி நடத்துபவர்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. யூலைக் கண்காட்சியிலாவது சுவரில் தமிழ் இருக்கட்டும், அதுவும் எழுத்துப் பிழையில்லாமல். ஒரு பின்னேரமாவது தமிழில் சுற்றிக்காட்டி உரையாடட்டும். 83 பற்றிய ஒரு அறையில் தமிழ் இல்லாதது அச்சுச் செலவை மிச்சம் பிடிக்கிற விசயமல்ல.

எங்கட தமிழ்ச் சங்கங்களிடம் கேட்பது: புது பட்ச் வந்ததும் காலிமுகத்திடலுக்கும் தாமரைக் கோபுரத்துக்கும் கூட்டிக்கொண்டு போறீங்கள்தானே, அதே சுற்றில் ஒரு கலறியையும் சேருங்கோ. கலைவிழாவில் பின்திரைக்கு வெளியிலும் ஓவியத்துக்கு ஒரு சுவர் கொடுங்கோ.

எங்களிடமே நாங்கள் கேட்பதுதான் முக்கியம். பார்த்தால் எழுத வேண்டும், தமிழில் எழுத வேண்டும். கொழும்பில் ஒரு நாடகம் போட்டால் தமிழில் நாலு விமர்சனம் வரும், ஒரு படம் வெளியானால் நாற்பது வரும். கால் நூற்றாண்டு நடந்த யூலைக் கண்காட்சிகளைப் பற்றித் தமிழில் தேடிப் பாருங்கள், கை விரல் விட்டு எண்ணலாம். தமிழில் எழுதப்படாதது எங்கட அடுத்த தலைமுறைக்கு நடக்காததுதான். 83 இல் எங்கட அம்மா அப்பாவே சின்னப் பிள்ளைகள். கேட்டுச் சொல்ல ஆக்கள் குறைந்துகொண்டு போகும் காலம் இது. படங்கள் மட்டும் மிஞ்சும். அவற்றுக்கு என்ன அர்த்தம் என்று யார் எழுதுகிறார்களோ அவர்களின் கதைதான் நிலைக்கும்.

அதனால் யூலை மூன்றாம் கிழமை கொழும்பில் நிற்கிற ஆக்கள் கொஞ்சம் விசாரியுங்கோ, எங்கே என்ன வைக்கிறார்கள் என்று. ரெண்டு பேராகச் சேர்ந்து போங்கோ, கூச்சம் பாதியாகும். வருகைப் புத்தகம் இருந்தால் தமிழில் எழுதுங்கோ. பிடிக்கவில்லை என்றால் ஏன் பிடிக்கவில்லை என்று எழுதுங்கோ. கேள்வி கேட்பது நாகரிகக் குறைவு அல்ல. அந்த அறையில் கேள்வி கேட்க எங்களைவிட உரிமை உள்ளவர்கள் வேறு யார்?