கொடுப்பவரும் எறிய வேண்டும்

நுழையுமுன்

தோழருக்குப் பந்தைச் சிறப்பாகக் கொடுக்கத் தெரிந்த ஒருவருக்கு, அதைத் தாமே வளையத்தில் இடத் தெரியாவிட்டால் அது பெருங்குறையா? கூடைப்பந்து ஆர்வலரிடையே நெடுநாளாக நிகழும் இவ்வாதத்தில் ஒரு முடிவை எடுத்துரைக்கும் கருத்துக் கட்டுரை இது. படித்தபின் மாணவர் இதனை ஏற்கலாம். தக்க சான்று காட்டி மறுக்கவும் செய்யலாம்.

கட்டுரை

கூடைப்பந்து ஆட்டத்தில் ஓர் அணிக்கு ஐவர் களம் இறங்குவர். அவருள் பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறி, அதை எவருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்பவரைப் ‘பாயின்ட் கார்டு’ என்பர். தாமே புள்ளி எடுப்பதைவிடத் தோழரைப் புள்ளி எடுக்கச் செய்வதையே பெரிதாகக் கருதுவோர் இவருள் உண்டு. தோழர் புள்ளி எடுக்கக் காரணமாகும் பாஸை ‘அசிஸ்ட்’ என்று தனியே கணக்கிடுவர்.

இத்தகைய ஆட்டக்காரருக்குத் தொலைவிலிருந்து குறி தவறாமல் எறியும் திறன் இல்லையெனில் அவரால் வெற்றி பெற இயலுமா? இயலாது என்பர் ஒரு சாரார். கொடுக்கும் திறன் ஒன்றே போதும் என்பர் மற்றொரு சாரார். இரு கூற்றிலும் பாதி உண்மையே உள்ளது. எறிந்த பந்து தவறுவதால் ஒருவர் வீழ்வதில்லை. எறியவே மறுக்கும்போதுதான் வீழ்கிறார்.

முதலில், இயலாது என்போரின் காரணத்தைக் காண்போம். ஒருவர் எறியமாட்டார் என்று தெரிந்தால் எதிரணியினர் அவரைக் காக்கும் வேலையை விட்டுவிடுவர். அவரைக் காக்க வேண்டியவர் பல அடி பின்வாங்கி வளையத்தின் அருகே சென்று நிற்பார். அதனால் அங்கே நெரிசல் உண்டாகும். பாஸ் செல்லும் வழிகள் அடைபடும். ஐவர் ஆடினாலும் எதிரணிக்கு அது நால்வர் ஆட்டமாகிவிடும். கொடுப்பவரின் கூரிய பார்வை ஒருபுறம் இருக்க, கொடுப்பதற்கு இடமே இல்லாமற் போகும். இவ்வாதம் வலியது, இதைப் புறந்தள்ள இயலாது.

ஆயினும் இதனை வென்று காட்டியவர் ரஜோன் ரோண்டோ. அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளில் பாஸ்டன் அணிக்கு ஆடிய இவருக்குத் தொலைவிலிருந்து எறியும் திறன் மிகக் குறைவு. எவரும் தடுக்காத ஃப்ரீ த்ரோவில்கூட இவர் எறிந்த பத்தில் ஏறத்தாழ ஆறே வளையத்தில் விழுந்தன. 2008ஆம் ஆண்டு இறுதிச் சுற்றில் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணியினர் இவரைத் தனியே விட்டு விலகி நின்றனர். ரோண்டோவோ அந்த இடைவெளியையே ஓடுபாதையாகக் கொண்டார். வேகம் எடுத்து வளையத்தை நோக்கிப் பாய்ந்தார். தடுக்க வந்தோரைத் தம்பால் ஈர்த்துத் தோழருக்குக் கொடுத்தார். கோப்பையை உறுதி செய்த ஆறாம் ஆட்டத்தில் 21 புள்ளிகளும் 8 அசிஸ்டுகளும் எடுத்தார். எதிரணியிடமிருந்து 6 முறை பந்தைப் பறித்தார்.

2010ஆம் ஆண்டு கிளீவ்லாந்து அணிக்கு எதிரான ஆட்டம் ஒன்றில் இவர் 29 புள்ளிகள், 13 அசிஸ்டுகள் ஆகியவற்றோடு, வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துகளை 18 முறை கைப்பற்றினார். உயரமானவர்கள் செய்யும் வேலையை ஆறடியைச் சற்றே கடந்த ஒருவர் செய்தார் என்பது கருதத்தக்கது. எறிதலில் இருந்த குறையை ஓட்டத்தாலும் தடுப்பாற்றலாலும் பந்தைக் கைப்பற்றும் விடாமுயற்சியாலும் அவர் நிரப்பினார்.

எனினும் ரோண்டோவின் வெற்றியில் தோழருக்கும் பங்கு உண்டு. பாஸ்டனில் ரே ஆலன், பால் பியர்ஸ், கெவின் கார்னெட் ஆகிய தேர்ந்த ஆட்டக்காரர்கள் அவரைச் சூழ நின்றனர். கொடுத்த பந்தை அவர்கள் புள்ளியாக்கினர். 2014 டிசம்பரில் அவர் டல்லஸ் அணிக்கு மாற்றப்பட்டார்; அந்த அணியுடனான கூட்டு அந்த ஒரு பருவத்தோடு முடிந்துபோனது. பின்னர் 2020இல் லேக்கர்ஸ் அணியில் இருந்தபோது மீண்டும் கோப்பை வென்றார். அந்த இறுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் 19 புள்ளிகள் எடுத்தார். எறியத் தெரியாதவர் என்று பெயர் பெற்றவர், வாய்த்த இடத்தில் தயங்காமல் எறிந்தார்.

தயக்கம் என்ன செய்யும் என்பதற்குப் பென் சிம்மன்ஸ் ஆடிய ஆட்டம் ஒன்று சான்றாகும். ஆறடி பத்து அங்குல உயரமுள்ள இந்த ஆஸ்திரேலிய வீரர், 2016ஆம் ஆண்டு வீரர் தேர்வில் அனைவருக்கும் முதலாகப் பிலடெல்பியா அணியால் தேர்ந்தெடுக்கப்பட்டார். பாஸ் கொடுப்பதிலும் எதிரணியைத் தடுப்பதிலும் வல்லவர். 2021ஆம் ஆண்டு வெளியேற்றச் சுற்றுகளில் இவர் 73 ஃப்ரீ த்ரோக்களை எறிந்து 25ஐ மட்டுமே புள்ளியாக்கினார். அட்லாண்டா அணிக்கு எதிரான ஏழாம் ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில் வளையத்தின் அருகே பந்து இவர் கையில் இருந்தது. எழும்பிப் பந்தை வளையத்தில் இடுவதற்கு வாய்ப்பு இருந்தது. அவரோ பந்தை அருகில் வந்த தோழருக்குக் கொடுத்துவிட்டார். அணி தோற்றது. அந்த ஆட்டத்தில் சிம்மன்ஸ் 13 அசிஸ்டுகள் செய்திருந்தார். ஆயினும் மக்கள் நினைவில் நின்றது அந்த ஒரு பாஸ்தான்.

சிம்மன்ஸைக் குறை கூறுவதற்காக இது நினைவூட்டப்படவில்லை. தவறிவிடுமோ என்ற எண்ணம் பெரும் வீரரையும் கட்டிப்போடும் என்பதே இங்கே கருதத்தக்கது. எறிவதற்குரிய இடத்தில் கொடுக்கப்படும் பாஸ், பொறுப்பைப் பிறர் கையில் மாற்றிவிடுவதாகவே முடிகிறது. பெறுபவருக்கு அது உதவியாவதில்லை, சுமையாகிறது.

இனி ஜேசன் கிட் என்பவரைக் காண்போம். 1994இல் என்.பி.ஏ.வில் அடியெடுத்து வைத்த இவர், முதற் பருவத்தில் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தவற்றுள் 27 விழுக்காட்டையே புள்ளியாக்கினார். ‘ஜம்ப் ஷாட்’ இல்லாதவர் என்பதால் பெயரின் முதல் எழுத்தை நீக்கி ‘ஏசன்’ என்று இவரை எள்ளி நகையாடினர். அவர் எறிவதை நிறுத்தவில்லை; ஆண்டுக்கு ஆண்டு பயிற்சி செய்து திருத்திக்கொண்டார். 2009-10 பருவத்தில் அந்த அளவு 42 விழுக்காட்டைத் தாண்டியது. 2011இல், தம் 38ஆம் வயதில், டல்லஸ் அணியோடு கோப்பையை வென்றார். 2013இல் ஓய்வு பெற்றபோது, மொத்த அசிஸ்டுகளில் இரண்டாம் இடத்திலும், புள்ளியாக்கிய மூன்று புள்ளி எறிதல்களின் எண்ணிக்கையில் மூன்றாம் இடத்திலும் இருந்தார். எள்ளல் பேசியோர் பார்த்தது தொடக்க நிலையை மட்டுமே.

இம்மூவரின் ஆட்டத்தையும் ஒருங்கே நோக்கினால் விடை தெளிவாகும். குறி தவறும் கையுடனும் ஆட்டத்தை நடத்தி வெல்லலாம். அதற்கு வேறு வலிமைகளும் ஏற்ற தோழரும் வேண்டும். ஆனால் எறியும் துணிவு இன்றியமையாதது. அது இருந்தால் திறன் பின்னர் வரலாம். அது போய்விட்டால் உள்ள திறனும் பயன்படாது.

பள்ளி மைதானங்களில் இக்கருத்துக்குத் தனி மதிப்பு உண்டு. பதின்மூன்று வயதில் நன்றாகப் பாஸ் கொடுக்கும் ஒரு மாணவியிடம், “நீ எறியாதே, கொடுத்துவிடு” என்று சொல்வது எளிது. அன்றைய ஆட்டத்தில் இரண்டு புள்ளிகள் மிஞ்சக்கூடும். ஆனால் அச்சொல் அவள் மனத்தில் தங்கிவிட்டால், பின்னொரு நாளில் வளையம் எதிரே திறந்திருக்கும்போதும் அவள் கண் தோழியைத்தான் தேடும். வளரும் பருவத்தில் பந்து தவறுவது பயிற்சியின் ஒரு பகுதி. ஆட்டத்திற்கு ஆட்டம் எறிந்து தவறும் உரிமையை மாணவருக்குக் கொடுப்பதே நல்ல பயிற்றுநரின் கடமையாகும். தவறிய தோழியைக் கடிந்துகொள்ளாமல் மீண்டும் அவளிடமே பந்தைக் கொடுப்பது அணியின் கடமையாகும்.

கொடுப்பது உயர்ந்த குணம்; அதில் ஐயமில்லை. அடுத்து எறிவாரோ, கொடுப்பாரோ என்று எதிரணி ஐயுறும்போதுதான் பாஸ் முழு வலிமை பெறுகிறது. ஆகவே கொடுக்கத் தெரிந்தவர், தவறினாலும் எறியப் பழக வேண்டும்.

சிந்திக்க

1. எதிரணி விட்டு விலகிய இடைவெளியை ரோண்டோ எவ்வாறு பயன்படுத்தினார்? உங்கள் சொந்த நடையில் எழுதுக.
2. ‘உதவியாவதில்லை, சுமையாகிறது’ என்று கட்டுரை கூறுவதன் பொருளை விளக்குக.
3. “நீ எறியாதே, கொடுத்துவிடு” என்று சொல்வது சில வேளைகளில் சரியாக இருக்குமா? உங்கள் கருத்தைக் காரணத்துடன் பத்து வரிகளில் எழுதுக.