கடல் கடந்த கல்வியும் கேளாத வாயும்

நுழையும்முன்

உயர்கல்விக்காக ஜெர்மனி செல்லும் இந்திய மாணவர் தொகை பெருகி வருகிறது. அங்குள்ள பல்கலைக்கழகங்கள் அவர்களுக்கு எவ்வகையில் துணைநிற்கின்றன, அத்துணையைப் பெற மாணவர் செய்ய வேண்டுவது யாது என்பன குறித்த கருத்துரை இது.

தலைவன் தலைவியைப் பிரிவதற்குரிய காரணங்களுள் ஓதலையும் ஒன்றாக வைத்தது தொல்காப்பியம். அப்பிரிவு மூன்று ஆண்டுகளைக் கடத்தலாகாது என எல்லையும் வகுத்தது. ஜெர்மனியின் இளநிலைப் பட்டப்படிப்பும் பெரும்பாலும் மூன்று ஆண்டுகளுக்கே திட்டமிடப்பட்டிருப்பது இனியதோர் ஒற்றுமை. ஆயினும் அகமரபின் கண் பெரும்பாலும் வீட்டில் ஆற்றியிருப்பவர் மீதே நிலைத்தது. பிரிந்து சென்றவர் அயல்மண்ணில் யாரிடம் வழி கேட்டார், கேட்கத் தயங்கி எதை இழந்தார் என்பது இக்காலத்து வினா.

2022-23ஆம் கல்வியாண்டு முதல் ஜெர்மனியில் பயிலும் அயல்நாட்டு மாணவருள் இந்தியரே முதலிடம் வகிக்கின்றனர். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் பெறுவதில்லை என்பதே இதற்கு முதன்மைக் காரணம். இச்செய்தி ஊருக்கு வந்து சேரும்போது 'ஜெர்மனியில் படிப்பு இலவசம்' என்று சுருங்கிவிடுகிறது. சுருங்கிய செய்தி ஆபத்தானது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத மாணவரிடம் 2017 முதல் பருவத்திற்கு 1,500 யூரோ பெற்று வருகிறது. கட்டணமில்லாத இடங்களிலும் வாழ்க்கைச் செலவு உண்டு. விசா கோரும் மாணவர் ஓராண்டுச் செலவுக்குரிய தொகையை முடக்கக் கணக்கில் இட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அத்தொகை 11,904 யூரோ. அதிலிருந்து மாதந்தோறும் 992 யூரோ மட்டுமே எடுக்க இயலும். நகையையோ நிலத்தையோ ஈடு வைத்துத்தான் பல குடும்பங்கள் இப்பணத்தைத் திரட்டுகின்றன. எனவே அங்குச் செல்லும் மாணவரின் தோளில் புத்தகப்பையோடு ஒரு குடும்பத்தின் கடனும் ஏறிக்கொள்கிறது.

பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் ஒன்றே இந்திய மாணவருக்கு ஜெர்மானியப் பல்கலைக்கழகத்தின் கதவை நேரே திறந்துவிடாது. பொதுவாக, இந்தியாவில் ஏற்புடைய பல்கலைக்கழகமொன்றில் ஓராண்டேனும் தேர்ச்சி பெற்றிருத்தல் வேண்டும். அன்றேல் 'ஸ்டூடியன்கொலெக்' எனப்படும் ஆயத்தப் பள்ளியில் ஓராண்டு பயின்று தேர்வெழுத வேண்டும். இளநிலைப் பாடங்கள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியிலேயே நடைபெறுகின்றன. ஆங்கிலவழி வகுப்புகள் முதுநிலையில்தான் மிகுதி. இவற்றையெல்லாம் சொல்லாமல் சேர்க்கைக் கடிதத்தை மட்டும் காட்டிப் பணம் பெறும் இடைத்தரகர்கள் உளர். பல்கலைக்கழக இணையத்தளத்தில் அரைமணி நேரம் செலவிட்டால் விளங்கக்கூடிய செய்திக்கு இலட்சங்களைக் கொடுப்பது இரங்கத்தக்கது.

சென்று சேர்ந்தபின் துணை கிடைக்குமா? கிடைக்கும். ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் பன்னாட்டு மாணவர் அலுவலகம் உள்ளது. பாடத்தேர்வு குறித்து வழிகாட்டத் தனி ஆலோசகர்கள் உளர். விடுதியையும் 'மென்சா' என்னும் உணவகத்தையும் நடத்தும் மாணவர் நல அமைப்புகள் மனநல ஆலோசனையும் வழங்குகின்றன. அங்குச் சொல்வது வெளியே செல்லாது. பேராசிரியர் ஒவ்வொருவரும் மாணவரைச் சந்திக்கவெனத் தனிநேரம் ஒதுக்குவர். ஆனால் இவர்களுள் எவரும் மாணவரைத் தேடி விடுதிக்கு வரமாட்டார். வருகைப்பதிவு இல்லாத வகுப்புகளே மிகுதி. வகுப்புக்கு வராத மாணவரின் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைக்கும் வகுப்பாசிரியரும் அங்கில்லை. பதினெட்டு வயது நிரம்பியவரைத் தன் பொறுப்பைத் தானே சுமப்பவராக அச்சமூகம் கருதுகிறது. இதனை அன்பின்மை என்று பலர் தவறாக எண்ணுகின்றனர். அது மதிப்பின் ஒரு வடிவம். எனினும் எதையும் வலிந்து கேட்பது பணிவின்மை என்று கற்பிக்கப்பட்டு வளர்ந்த பிள்ளைக்கு அம்மதிப்பு தனிமையாகவே படுகிறது.

இத்தயக்கத்தின் விலை தேர்வுக் காலத்தில் வெளிப்படும். ஜெர்மனியில் ஒரு தேர்வை எத்தனை முறையும் எழுதலாம் என்பதில்லை. பல பல்கலைக்கழகங்களில் மூன்று வாய்ப்புகளே. கட்டாயப் பாடமொன்றில் இறுதி வாய்ப்பும் தவறினால் அப்படிப்பிலிருந்து நீக்கப்படுவர். அதே படிப்பை அந்நாட்டின் வேறு பல்கலைக்கழகத்தில் தொடர்வதும் பொதுவாக இயலாது. தங்குவதற்கான அனுமதியோ படிப்போடு பிணைக்கப்பட்டது. காய்ச்சலோடு தேர்வறைக்குச் செல்லும் மாணவரை எண்ணிப் பார்க்கலாம். அன்று மருத்துவரைக் கண்டு, சான்று பெற்று, உரிய காலத்தில் தேர்வு அலுவலகத்தில் அளித்திருந்தால் அவ்வாய்ப்பு கணக்கில் சேராது. விதி அவருக்குச் சார்பாகவே இருக்கிறது. விதியை அறியாததாலும் கேட்க நாணியதாலும் மூன்றில் ஒன்றை அவர் இழக்கிறார். செலவுக்காக இரவுப்பணிக்குச் சென்று களைத்தவரின் நிலையும் இத்தகையதே. ஆண்டுக்கு 140 முழுநாள் வேலை செய்யலாம் என 2024இல் சட்டம் தளர்த்தப்பட்டது நன்மையே. அத்தனை நாளும் உழைத்துவிட்டுப் படிக்கவும் இயலுமா என்பதை மாணவரே முடிவு செய்ய வேண்டும்.

குறை மாணவரிடம் மட்டுமே இருப்பதாகச் சொல்லிவிட்டு நகர்வது முறையன்று. பெருநகரங்களில் விடுதியறைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியுள்ளது. முகவரிப் பதிவின்றிப் பல அலுவல்கள் நடவா, அறையின்றி முகவரியில்லை. அயல்நாட்டினர் அலுவலகத்தில் நேரம் பெறுவதும் எளிதன்று. கடிதங்கள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியிலேயே வரும். மாணவரை வரவேற்கும் நாடு அவர்களுக்குக் கூரையையும் ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும். இந்நாட்டுப் பள்ளிகளுக்கும் இதில் பங்குண்டு. 'எனக்குப் புரியவில்லை' என்று எழுந்து சொல்லும் மாணவரை வகுப்பு நகைக்குமானால், அச்சொல் ஆயிரக்கணக்கான கல் தொலைவில் திடீரென அவர் நாவில் பிறந்துவிடாது.

பெற்றோரின் பங்கு இன்னும் நுட்பமானது. ஞாயிறுதோறும் நிகழும் காணொலி உரையாடலில் உணவைப் பற்றியும் குளிரைப் பற்றியும் கேட்டபின் மதிப்பெண்ணுக்கு வருகின்றனர். 1.3 என்று பிள்ளை சொன்னால் திகைக்கின்றனர், அங்கு 1.0 உச்சம், 5.0 தோல்வி. இம்முறையை அறிந்த வீட்டில் 4.7 என்ற எண்ணை மறைக்க இயலாது. மறைக்க வேண்டிய தேவையும் குறையும். அத்தகைய வீட்டில் தாய் முதலில் கேட்பது, "இன்னும் எத்தனை வாய்ப்பு இருக்கிறது? ஆலோசகரைப் பார்த்தாயா?" என்பதாக இருக்கும்.