படத்தை மாற்ற மந்திரம் வேண்டுமா?

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தை அடுத்த செங்கம் சாலையில் தீபத்தைக் கைப்பேசியில் படம் பிடிக்காதவர் அரிது. அப்படம் வீட்டு டி.வி.யில் ஓடாவிட்டாலோ, தலைவிதியென்று கடைக்குக் காசழுகிறார்கள். அல்லது பெண்டு பிள்ளைகள் படத்தையும் சேர்த்து முகந்தெரியாத இணையதளத்திற்கு அனுப்பி மாற்றி வாங்குகிறார்கள். இதில் என்ன மந்திரமிருக்கிறது என்று கேட்கிறோம்?

எம்.கே.வி., எம்.பி.4 என்பவை வெறும் பெட்டிகளே. உள்ளிருக்கும் படத்தைச் சுருக்கிய முறை வேறு. பெட்டியை மாத்திரம் மாற்றினால் போதுமாயின், தரம் சிறிதும் கெடாமல் நொடியில் முடியும். சுருக்கிய முறையே டி.வி.க்கு விளங்காததானால் மறுபடியும் சுருக்கவேண்டும். நேரமாகும், தரமும் சற்றுக் குறையும். ஆகையால் மூலப்படத்தை அழித்துவிடாதீர்கள்.

இவ்விரண்டு வேலையையும் 2000-ல் பாப்ரிஸ் பெல்லார்டு துவக்கிய எஃப்.எஃப்.எம்பெக் காலணா வாங்காமல், உங்கள் கணினியிலேயே செய்கிறது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். விலைக்கு விற்கும் மாற்றிகள் பலவற்றின் வயிற்றுக்குள் ஓடுவதும் இதுவேதான்! கட்டளை எழுதக் கூசுவோர் ஹேண்ட்பிரேக்கை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது எப்போதும் மறுபடி சுருக்கியே தரும்.