எஃகுக்கும் உண்டு ஒரு ‘ருவெனு’

வருவாய்த்துறையில் குப்பை கொட்டிய குமாஸ்தாவுக்கு எஃகைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். ஓய்வு பெற்ற பிறகு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் தங்கை மகனுக்கு நான்தான் கணக்கு எழுதுகிறேன். அந்தக் கணக்கைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டாகியிருக்கிறது. கருவி எஃகைச் சூடேற்றிப் பதப்படுத்தும் செலவில் பேரம் பேசக் கூடாது.

நம் ஊர்க் கொல்லர் உளியைச் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார். அது சாதாரணக் கார்பன் எஃகு. வேலை செய்யும்போது 250 டிகிரியைத் தாண்டிச் சூடேறினால் கூர் மழுங்கிவிடும். லேத்தில் இரும்பைச் சீவும் கருவிக்கு அது போதாது. அதற்கென்றே வந்தது ஹை ஸ்பீட் ஸ்டீல். இன்று பரவலாகப் புழங்கும் எம்-2 வகையில் டங்ஸ்டன் சுமார் 6 சதவீதம், மாலிப்டினம் 5, குரோமியம் 4, வனேடியம் 2. சுமார் 550 டிகிரி வரை சூடானாலும் கடினம் குறையாது.

ஆனால் இந்தக் குணம் சரக்கில் மட்டும் இல்லை, சூட்டில்தான் இருக்கிறது. செர்ரிப்பழச் சிவப்பைத் தாண்டினால் கருவி கெட்டுவிடும் என்றுதான் அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். அமெரிக்காவில் பெத்லஹேம் எஃகு ஆலையில் டெய்லரும் வைட்டும் உருகும் நிலைக்குச் சற்று முன்புவரை காய்ச்சிப் பார்த்தார்கள். கருவி முன்னைவிடப் பல மடங்கு உழைத்தது. 1900-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் நுனி சிவந்த நிலையிலேயே அது இரும்பைச் சீவியதைக் கண்டு ஐரோப்பியர்கள் அசந்து போனார்கள். நான் பிரெஞ்சில் படித்தவன். அந்த மொழியில் இதற்கு ‘அசியே ரப்பீத்’, அதாவது வேக எஃகு என்று பெயர்.

எம்-2 எஃகைப் படிப்படியாகச் சூடேற்றி, சுமார் 1,200 டிகிரிக்குக் கொண்டுபோய்ச் சட்டென்று குளிர்விக்கிறார்கள். பிரெஞ்சில் இது ‘திராம்ப்’. நம் ‘தோய்ச்சல்’ என்ற சொல்லுக்கு அப்படியே சமம். இத்துடன் வேலை முடிவதில்லை. இந்த நிலையில் எஃகு கண்ணாடி போல நொறுங்கும். அதோடு ஏறக்குறைய கால் பங்கு மாறாமல் மென்மையாகவே நிற்கும். ஆகவே மறுபடி சுமார் 550 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து ஆறவிட வேண்டும். இதைப் பிரெஞ்சில் ‘ருவெனு’ என்பார்கள். அந்தச் சொல்லுக்கு ‘வருமானம்’ என்றும் பொருள். எங்கள் இலாகாவின் பெயரே அதிலிருந்து வந்ததுதான்!

விஷயம் இங்கேதான் இருக்கிறது. முதல் ருவெனுவுக்குப் பின் ஆறும்போது, மிச்சமிருந்த மென்பகுதி புதிதாகக் கடினமாகிறது. அதுவும் நொறுங்கும் ஜாதி. அதைப் பதப்படுத்த இரண்டாவது ருவெனு கட்டாயம் வேண்டும். மூன்றாவதும் செய்தால் உத்தமம். ஒவ்வொரு முறையும் நன்றாக ஆறவிட்ட பிறகே அடுத்த சூடு.

சென்ற வருடம் எங்கள் பட்டறைக் கருவி ஒன்று வெளியே பதமாகி வந்தது. ராக்வெல் அளவு 64, அருமையான எண். இரண்டாம் நாளே விளிம்பு பொரிந்து கொட்டியது. ஒரு ஆர்டரும் கைவிட்டுப் போனது. விசாரித்தால் ஒரே ஒரு ருவெனுதான் கொடுத்திருக்கிறார்கள். “மாமா, கிலோவுக்கு நாலு ரூபாய் நான்தான் குறைக்கச் சொன்னேன்” என்றான் பையன். உலைக்காரரை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது? கூலியைக் குறைத்தால் அவர் கரண்டைக் குறைப்பார். ஒரு சூடானாலும் மூன்று சூடானாலும் கடினமானி ஏறக்குறைய அதே எண்ணைத்தான் காட்டும். எல்லாக் கையெழுத்தும் இருந்தும் உள்ளே விசாரணை நடக்காத கோப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பட்டறை வைத்திருக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். கடினத்தின் எண்ணோடு, எத்தனை முறை, எவ்வளவு நேரம், எந்தச் சூட்டில் என்ற உலைப் பதிவையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அதற்கான கூலியை முழுசாகக் கொடுக்கவும் சொல்லுங்கள். சுழலும் லேத்தின் முன் முகத்தை வைத்து நிற்பது அவர்கள் வேலைக்கு வைத்திருக்கும் பையன்கள். தெறிக்கும் சில்லு அவர்கள் கண்ணைத்தான் தேடி வரும்.