கயிற்றைப் பிடித்திருப்பது யார்?



"சாமி, பையன் எந்நேரமும் கேம்தான். நீங்க கொஞ்சம் சொல்லிப் பாருங்க" என்று அன்பியக் கூட்டங்களில் தாய்மார்கள் முறையிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. விடியுமுன் தொழிலுக்குப் புறப்படும் தந்தை, மகன் இன்னும் கைப்பேசியோடு விழித்திருப்பதைக் காண்கிறார். கண்டிப்பது எளிது. ஆனால் என்னவென்றே தெரியாத ஒன்றைக் கண்டித்தால் பிள்ளைகள் காது கொடுப்பதில்லை. எனவே அண்மையில் பங்கு இளையோருடன் அமர்ந்து இரண்டு விளையாட்டுகளை நாமே விளையாடிப் பார்த்தோம். அந்த அனுபவத்தை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

முதலாவது 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா'. பப்ஜி என்றால் எல்லாருக்கும் புரியும். 2020 செப்டம்பரில் நடுவண் அரசு 118 செயலிகளைத் தடை செய்தபோது பப்ஜியும் நின்றது. 2021இல் இந்தப் புதிய பெயரில் வந்து, 2022 ஜூலையில் நீக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பியது. 100 பேர் வரை ஒரு தீவில் பாரசூட்டில் குதிக்கிறார்கள். ஆயுதங்களைத் தேடி எடுக்கிறார்கள். பாதுகாப்பான வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது. கடைசிவரை உயிரோடு இருப்பவரே வெற்றியாளர். நாம் குதித்த சில நிமிடங்களிலேயே சுடப்பட்டு விழுந்தோம்! நம் அணியிலிருந்த இளைஞர் ஒருவர் தமக்குள்ள ஆபத்தையும் பாராமல் ஓடிவந்து தூக்கிவிட்டார். சென்னையில் படிக்கும் நண்பரும் அதே அணியில் பேசிக்கொண்டே விளையாடினார். இதில் நட்பு இருக்கிறது, விரைந்து முடிவெடுக்கும் திறமை இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மனிதரைச் சுட்டு வீழ்த்துவதுதான் வெற்றிக்கு வழி என்பதையும் மறைக்க முடியாது. ஓர் ஆட்டம் முடிந்ததும் அடுத்த ஆட்டம் தயாராக நிற்கிறது. தினமும் வந்தால் பரிசு உண்டு. 'போதும்' என்று சொல்ல அந்த விளையாட்டுக்குத் தெரியாது.

அதில் பெட்டிகளும் விற்கப்படுகின்றன. உண்மையான பணத்தைக் கொடுத்து விளையாட்டுக்குள் செல்லும் நாணயத்தை வாங்கி, பெட்டியைத் திறக்க வேண்டும். உள்ளே அழகிய உடையோ துப்பாக்கிக்கு வண்ணமோ இருக்கலாம். ஒன்றுக்கும் உதவாததும் இருக்கலாம். இது நம் கடற்கரைக்குப் புதிதல்ல. தூத்துக்குடியில் 1961இல் கடைசியாக நடந்த முத்துக்குளிப்பு வரை, சிப்பிகளைத் திறக்காமலேயே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். முத்து இருக்கிறதா என்று ஏலம் எடுத்தவருக்கும் தெரியாது. ஆனால் அங்கே ஏலம் கேட்டவர்கள் லாப நட்டம் தெரிந்த வியாபாரிகள். இங்கே பெட்டியைத் திறப்பது பத்தாம் வகுப்புப் பிள்ளை.

இரண்டாவது விளையாட்டு 'வெண்பா'. கனடாவின் டொரோன்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. தாயின் பெயர் வெண்பா, மகன் கவின். தன் அம்மா கொடுத்த, கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டைப் பார்த்து வெண்பா இட்லியும் புட்டும் செய்கிறாள். அழிந்த வரிகளை நாம் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எங்கும் பரவும் என்பதே முதல் புதிர். நம் இளைஞர்கள் அதில் தடுமாற, அருகிலிருந்த அம்மா ஒருவர் நொடியில் விடை சொன்னார்! மகன் வளர வளர, தமிழும் அம்மாவின் சாப்பாடும் அவனுக்கு அந்நியமாகின்றன. அந்த இடத்தில் அறையில் யாரும் பேசவில்லை. கப்பலிலும் வளைகுடாவிலும் பிள்ளைகள் வேலை செய்யும் நம் குடும்பங்களுக்கு அது தெரிந்த வலிதானே? ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் விளையாட்டு முடிந்துவிடுகிறது. 2024இல் இது பாஃப்டா விருதும் பெற்றது.

இரண்டுமே 'கேம்'தான். ஒன்று நம்மைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறது. மற்றொன்று நம்மை வீட்டாரிடம் திருப்பி அனுப்புகிறது. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துத் திட்டுவது நீதியாகாது.

சட்டம் என்ன செய்கிறது? ஆன்லைன் சூதாட்டத்தால் நேர்ந்த தற்கொலைகளைத் தொடர்ந்து, நீதிபதி கே. சந்துரு குழுவின் பரிந்துரைக்குப் பின், தமிழக அரசு 2022இல் சட்டம் கொண்டுவந்தது. ஆளுநர் திருப்பி அனுப்பிய அதைச் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்ற, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளை நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை தடுக்கும் விதியைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் பண விளையாட்டுகளையே தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் இவை குறிவைப்பது பணம் கட்டிப் பணம் வெல்ல நினைக்கும் ஆட்டங்களை. பிள்ளையின் தூக்கத்தை எடுத்துக்கொள்ளும் ஆட்டத்தை எந்தச் சட்டம் நிறுத்தும்?

திரு அவை விளையாட்டுக்கு எதிரி அல்ல. மீட்கப்பட்ட எருசலேமைக் கனவு காணும் இறைவாக்கினர் செக்கரியா, அதன் தெருக்களில் சிறுவரும் சிறுமியரும் விளையாடுவதையே அடையாளமாகக் காட்டுகிறார் (செக் 8:5). திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007ஆம் ஆண்டு உலக சமூகத் தொடர்பு நாள் செய்தியில், வன்முறையைப் போற்றும் வீடியோ விளையாட்டுகளைக் கடுமையாகக் கண்டித்தார். 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அகுதிஸ் வீடியோ விளையாட்டை விரும்பியவர். வாரத்திற்கு ஒரு மணி நேரம் என்று தமக்குத் தாமே எல்லை வகுத்தவர். உரிமைக்கும் அடிமைத்தனத்திற்கும் புனித பவுல் காட்டும் வேறுபாடு (1 கொரி 6:12) இதுவே. உலக நலவாழ்வு நிறுவனம் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கும் விளையாட்டுக் கோளாறின் அடையாளங்களும் இதையே சொல்கின்றன: கட்டுப்பாட்டை இழப்பது, மற்ற அனைத்தையும்விட அதையே பெரிதாக்குவது, கேடு வந்தபின்னும் தொடர்வது. விளையாடும் எல்லாரும் நோயாளிகள் அல்லர். ஆனால் இந்த மூன்றும் மாதக்கணக்கில் தொடர்ந்தால், அடிக்காமல், அவமானப்படுத்தாமல், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நம் முன்னோர் முத்துக்குளிக்க இறங்கியபோது, ஒருவர் கல்லோடு ஆழத்திற்குப் போவார்; படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். பெரும்பாலும் மைத்துனர்தான் பிடிப்பார் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. கீழிருந்து கயிறு அசைந்ததும் மேலே இழுக்க வேண்டும். அவர் கவனம் சிதறினால் உயிர் போய்விடும். இன்று நம் பிள்ளைகள் இறங்கும் கடலில் அந்தக் கயிறு யார் கையில் இருக்கிறது? 18 வயதுக்கு உட்பட்டோருக்கு நேர வரம்பு இருந்தும், அப்பாவின் கைப்பேசி எண்ணைக் கொடுத்தால் அந்த வேலியும் சாய்ந்துவிடுகிறது.

எனவே பெற்றோரே, இந்த வாரம் ஒரு நாள் பிள்ளையின் அருகில் அமர்ந்து, "இது என்ன விளையாட்டு? எனக்கும் சொல்லிக் கொடு" என்று கேளுங்கள். இரவுச் செபம் முடிந்ததும் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும், பெற்றோருடையதும் சேர்த்து, ஓரிடத்தில் ஓய்வெடுக்கட்டும். மாலையில் ஆலய மைதானத்தில் பந்து விளையாடப் பிள்ளைகளை அனுப்புங்கள். இளையோரே, 'போதும்' என்று சொல்லத் தெரியாத விளையாட்டிடம் நீங்கள் அதைச் சொல்லிப் பழகுங்கள். முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் கயிற்றை அசையுங்கள். மேலே இழுக்க நாம் இருக்கிறோம்.