லாண்டி திரும்பி வந்த தூரம்

1956 மார்ச், மெல்போர்ன். ஆஸ்திரேலிய சாம்பியன்ஷிப்பின் ஒரு மைல் ஓட்டம். மூன்றாவது சுற்றில் 19 வயது ரான் கிளார்க் இடறி விழுகிறார். பின்னால் வந்த ஜான் லாண்டி அவரைத் தாண்டிக் குதிக்கும்போது ஷூவின் ஆணி கிளார்க்கின் கையைக் கீறிவிடுகிறது. அந்தத் தூரத்துக்கு அன்று உலக சாதனை லாண்டியின் பெயரில்தான் இருந்தது. 3 நிமிடம் 57.9 விநாடி. இன்னொரு சாதனையை எதிர்பார்த்துத்தான் கூட்டம் வந்திருந்தது. ஆனால் லாண்டி நின்றார். திரும்பி வந்தார். கீழே கிடந்தவரிடம் மன்னிப்புக் கேட்டார்.

அதற்குள் மற்றவர்கள் வெகுதூரம் போயிருந்தார்கள். லாண்டி விரட்டிப் பிடித்து, 4 நிமிடம் 4.2 விநாடியில் முதலாவதாக வந்தார். இந்த இரண்டாம் பாதியைத்தான் நம் பயிற்சியாளர்களும் பெற்றோரும் மறந்துவிடுகிறார்கள். பண்போடு ஆடச் சொன்னால், "அப்புறம் எப்படி சார் ஜெயிக்கிறது?" என்று கேட்கிறார்கள், ஏதோ அது ஜெயிக்கும் வெறி இல்லாதவர்களின் குணம் என்பது போல. விழுந்தவனுக்காக நின்ற அதே ஆள்தான் அன்று எல்லோரையும்விட வெறியோடு ஓடியவர். நின்றிராவிட்டால் சாதனை கிடைத்திருக்குமோ என்னவோ, அந்தக் கணக்கு எனக்கு முக்கியமாகப் படவில்லை. அதே ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் வீரர்கள் சார்பில் உறுதிமொழி எடுத்தவர் லாண்டி. தீபம் ஏற்றியவர் கிளார்க்.