போட்டோ பார்த்து எழுதிய முகம்

“நேரில் பார்த்து எழுதினால் என்ன, போட்டோவைப் பார்த்து எழுதினால் என்ன? போட்டோ பொய் சொல்லுமா?” என்று கேட்கிறார் என் நண்பர். சொல்லும். சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்துவிட்டுச் சொல்லும்.

காமிராவுக்கு ஒற்றைக் கண். முகத்துக்கு வெகு அருகே நீட்டினால் மூக்கு பெருக்கும், காது சிறுக்கும். நிழலில் இருப்பதைக் கறுப்பாக விழுங்கிவிடும். நம் கண்ணோ அந்த நிழலுக்குள்ளும் கன்னத்தின் வளைவைக் கண்டுபிடிக்கும். ஆள் எதிரே இருந்தால், ஓவியன் இரண்டடி நகர்ந்து தாடை எங்கே திரும்புகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். போட்டோவின் பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரைதான் இருக்கும்!

ரவிவர்மாவே போட்டோவை வைத்து எழுதவில்லையா என்பார்கள். எழுதினார். ஆனால் அரண்மனை அரண்மனையாகப் போய், உயிருள்ளவர்களை எதிரே உட்காரவைத்துப் பழகிய கை அது.

எங்கள் மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் 1925இல் மறைந்தார் சுப்பிரமணிய சிவா. சிறையில் பற்றிய தொழுநோயோடு ஊர் ஊராக நடந்து பேசியவர். நான் பார்த்த படங்களில் தாடி இருக்கிறது, காவி இருக்கிறது. அந்த நடையின் களைப்பு எங்கே?

பெரியவர்களை விடுங்கள். என் அப்பா போனதும், பென்ஷன் புத்தகத்தில் ஒட்டியிருந்த போட்டோவைத் தருமபுரியில் ஓர் ஓவியரிடம் கொடுத்தேன். கெட்டிக்காரர். ஃபிளாஷ் வெளிச்சத்துக்கு அப்பா திடுக்கிட்டு விழித்ததைக்கூட விடாமல் எழுதிவிட்டார்.

“இது யாருடா, போலீஸைக் கண்டு பயந்தவர் மாதிரி?” என்றாள் அம்மா.

அந்தக் கடை வாசல் வழியாகத்தான் அப்பா பத்து வருஷம் தினமும் காய்கறி வாங்கப் போனார். ஒரே ஒரு காலை அங்கே உட்கார வைத்திருக்கலாம். ஓவியரிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். “உயிரோடு இருக்கிறவர்களை யார் சார் அழைத்துவருகிறார்கள்? காரியத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் போட்டோவோடு ஓடிவருகிறார்கள்” என்றார். அவர் மேல் என்ன குற்றம்? சுவரில் படம் ஏறினால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம் பண்ணிக்கொண்ட நம்முடைய மூடத்தனம் அது. கைப்பேசியில் ஆயிரம் படம் எடுக்கிறோம். ஒருவர் முகத்தை அரை மணி நேரம் உற்றுப் பார்க்க நமக்குப் பொழுதில்லை.

போன மாதம் அம்மாவை அந்தக் கடைக்கு அழைத்துப் போனேன்.

“எனக்கு இப்போ என்ன வந்துடுச்சுன்னு படம் எழுதறே?” என்று சீறினாள். ஆனாலும் உட்கார்ந்தாள். ஓவியர் பென்சிலை எடுத்ததும், முந்தானையால் ஒருமுறை முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.